மாதுளி கேட்டுவிட்டு வந்த பாதி

ஒரு காட்டில் ஒரு மலை இருந்தது. மலையடியில் ஓர் ஆறு ஓடியது. மலையில் காட்டெருமைகள் மேய்ந்தன. ஆற்றங்கரையில் புள்ளிமான்கள் மேய்ந்தன.

மான் கூட்டத்துக்கு மாதுளி தலைவி. துறுதுறுப்பான மான். நல்ல மனசுதான், ரோஷம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் தலைவி ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பதில் பிடிக்காமல் பாதிக்கு மேற்பட்ட மான்கள் முதுகைத் திருப்பிக்கொண்டால் தலைவி அப்போதே இறங்கிவிட வேண்டும். கூட்டம் முகம் பார்த்து நிற்கும்வரை, அது சொன்ன பக்கம் எல்லாம் மறுபேச்சில்லாமல் ஓடும்.

கேள்வி கேட்பதில் செவந்தி என்ற மானை மிஞ்ச ஆளில்லை. "நேற்று ஏன் அந்தப் பக்கம் போனோம்? இன்றைக்கு ஏன் இந்தப் பக்கம்? இந்தப் புல் ஏன் கசக்கிறது?" என்று பிடுங்கி எடுத்துவிடும்.

கோடை வந்தது. ஆற்றில் மான்கள் வழக்கமாகத் தண்ணீர் குடிக்கும் இடமெல்லாம் வற்றிவிட்டது. மாதுளி கூட்டத்தை ஒரு குளத்துக்கு அழைத்துப் போனது. அங்கே வெறும் சேறுதான் கிடந்தது. குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தன.

நாளைக்குச் செவந்தி சும்மா விடுமா? எல்லாரும் முதுகைத் திருப்பிவிட்டால்? மாதுளி அன்று மாலையே கிளம்பியது. மலைக்கு ஓடி, காட்டெருமைத் தலைவன் வீரணனிடம் புலம்பியது.

"உனக்கென்ன அண்ணே! ஒரு மழைக்குத் தலைவனானால் அடுத்த மழைவரை உன்னை யாரும் அசைக்க முடியாது. நான் தினமும் பயந்து சாகிறேன்."

வீரணன் சாவகாசமாக அசை போட்டது. "அது வாஸ்தவம்தான் தங்கச்சி. ஆனால் எங்கள் வழக்கத்தில் இன்னொரு பாதி இருக்கிறது..."

இன்னொரு பாதியைக் கேட்க மாதுளிக்குப் பொறுமை ஏது? அது பாதி மலை இறங்கிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பாறைமேல் ஏறி நின்றது. "இனி அடுத்த மழைவரை நான்தான் தலைவி. முதுகைத் திருப்பினாலும் இறங்க மாட்டேன். கேள்வியும் கிடையாது. இன்றைக்கு ஆற்றின் மேற்குத் துறைக்குப் போகிறோம்."

மான்கள் திகைத்து நின்றன. சில முதுகைத் திருப்பின. மாதுளி கண்டுகொள்ளவில்லை. தலைவி ஓடினால் பின்னால் ஓடுவது மான்களுக்கு ஊறிப்போன பழக்கம். முனகிக்கொண்டே எல்லாம் ஓடின.

மேற்குத் துறையில் தண்ணீர் பளபளத்தது. ஓரமாக ஒரு கட்டை மிதந்தது. செவந்தி அதை உற்றுப் பார்த்தது.

"தலைவி, அந்தக் கட்டை..."

"கேள்வி கிடையாது என்றேனே."

செவந்தி வாயை மூடிக்கொண்டது. தாகம் பொறுக்காத குட்டிகள் தண்ணீரை நோக்கிப் பாய்ந்தன. செவந்தி அவற்றை முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கால்களால் படபடவென்று அடித்தது. கட்டை வாயைப் பிளந்தது. முதலை!

மான்கள் சிதறி ஓடின. செவந்தியும் துள்ளிக் கரையேறிவிட்டது. ஆனால் அதன் காது நுனி முதலையின் வாயில் போய்விட்டது.

மாதுளி செவந்தியிடம் ஓடி வந்தது. "தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை, செவந்தியக்கா?"

"தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனே. அது கட்டையா, முதலையா என்று கேட்கத்தான் வந்தேன். நீதான் கேட்காதே என்றாயே" என்றது செவந்தி, ரத்தம் சொட்டும் காதை ஆட்டியபடி. அதன் குரலில் கோபம் இல்லை. அதுதான் மாதுளிக்கு இன்னும் வலித்தது.

மாதுளி நேராக மலைக்கு ஏறியது. "உன் வழக்கத்தை நம்பினேன் அண்ணே. மேற்குத் துறையில் முதலை! என் குட்டிகளே போயிருக்கும்."

"என் வழக்கத்தில் பாதியைத்தானே எடுத்துக்கொண்டு ஓடினாய்" என்றது வீரணன். "நானும் நேற்று அதே துறைக்குத்தான் போகலாம் என்றேன். எங்கள் கூட்டத்தில் தாய்மார்கள் தலையாட்டாமல் நான் ஓரடி எடுத்துவைக்க முடியாது. துறையைப் பார்த்துவிட்டு வா, இல்லையென்றால் மலைமேல் உள்ள சுனைக்குப் போவோம் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார்கள். எனக்கு அப்படி ஒரு எரிச்சல். இன்றைக்கு அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது."

மாதுளி தலையைக் குனிந்துகொண்டது.

"என் பதவியை யாரும் பறிக்க முடியாது, ஆனால் நினைத்த இடத்துக்கு நான் ஓட முடியாது. நீ நினைத்த இடத்துக்கு ஓடலாம், ஆனால் உன் பதவியைப் பறிக்கலாம். நீ என் பதவியையும் உன் ஓட்டத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டாய், தங்கச்சி. அப்புறம் உன்னை நிறுத்த யார் இருக்கிறார்கள்?"

"அந்தச் சுனையில் எங்கள் குட்டிகளும் குடிக்கலாமா?" என்று மாதுளி தணிந்த குரலில் கேட்டது.

"அதை நான் எப்படிச் சொல்ல? கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்." வீரணன் தாய்மார்களிடம் போய்த் திரும்பி வந்தது. "வரச் சொல்கிறார்கள்."

மறுநாள் மாதுளி பாறைமேல் ஏறி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னது. சுனை இருக்கும் இடத்தையும் சொன்னது. "இப்போது உங்கள் இஷ்டம்" என்று நின்றது. ஒவ்வொன்றாக மான்கள் முதுகைத் திருப்பின. பாதியைத் தாண்டியதும் மாதுளி மெல்ல இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது உண்மைதான்.

கூட்டம் செவந்தியைப் பிடித்து மேலே ஏற்றியது. செவந்தி கூட்டத்தைப் பார்த்தது. "எனக்குக் கேட்கத்தானே தெரியும்?" என்றது.

யாரும் வாய் திறக்கவில்லை. முந்தின நாள் மாதுளி தடுத்ததிலிருந்து கேள்வி கேட்பதற்கே எல்லாருக்கும் பயம் பிடித்திருந்தது. கீழே நின்ற மாதுளி ஒரு கணம் யோசித்தது. பிறகு முன்னால் வந்து, தலையை நிமிர்த்திக் கேட்டது.

"சுனைக்குப் போகும் வழியில் ஆபத்து இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும், தலைவி?"

நீதி: அதிகாரத்தில் இருப்பவருக்குப் பதவியிலோ செயலிலோ ஒரு கட்டு இருக்க வேண்டும், இரண்டையும் அவிழ்த்துக்கொண்டவர் தம் கூட்டத்தையே ஆபத்தில் தள்ளுவார்.