பாலால் ஊற்றிய ஞானஸ்நானம்

"செல்லுமா, செல்லாதா? அதை மட்டும் சொல்லுங்கம்மா," என்றார் மிக்கேல் உபதேசியார்.

தவசியம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மலைமேல் இருக்கும் சிலுவையின் அடிவாரத்தில் தனியாகத் தவவாழ்வு வாழ்கிறவள். உபதேசியாரைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் அவர்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடம் வந்து செபிக்கக் கற்றுக்கொண்டு போவார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை.

"எது செல்லுமான்னு கேக்கீங்க?"

"ஞானஸ்நானம்."

"யாருக்கு?"

உபதேசியார் வெளியே கை காட்டினார்.

வேப்பமர நிழலில் ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே எலியேசரும் அவன் பெண்டாட்டி பிலோமியும் இருந்தார்கள். பிலோமியின் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதன்மேல் வெள்ளைத் துணி.

தவசியம்மா முறத்திலிருந்து கையை எடுத்தாள்.

"எப்போ?"

"விடியக்காலம். பெரியாஸ்பத்திரியில. பிறந்ததுலேருந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் கிடந்துச்சு. பொட்டப்பிள்ள."

"அடக்கம் பண்ணாம இங்க ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

"வைக்க இடம் இல்லம்மா."

எலியேசர், வளர்ந்தவர்களைத் தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம் கொடுக்கிற முழுக்குச் சபைக்காரன். அந்தச் சபைக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டம் கிடையாது. யாராவது செத்தால், ஊரில் இருக்கும் இன்னொரு சபையான வேதக்கோயில்காரர்களைக் கேட்டு அவர்கள் தோட்டத்தில் வைப்பார்கள். இந்தத் தடவை அவர்கள் கேட்டைத் திறக்கவில்லை.

"ஏனாம்?"

எலியேசர் ஆட்டோவை விட்டு இறங்கி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்க பாஸ்டர் போன மாசம் அவங்க ஆளுங்க சில பேரை வாய்க்கால்ல முக்கி எடுத்தாரும்மா. நீங்க வாங்குனது வெறும் தெளிப்பு, அது செல்லாதுன்னு சொல்லி. அந்தக் கோவம். எங்க தண்ணி உங்களுக்குச் செல்லாதுன்னா எங்க மண்ணு மட்டும் எப்படிவே செல்லும்னு கேக்காங்க."

"அதுக்கு உங்க பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"செபம் பண்ணுதேன்னாரு."

தவசியம்மா உபதேசியாரைப் பார்த்தாள்.

"மாதா கோயில் தோட்டத்துச் சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கும்மா. பங்குச் சாமியார் தியானத்துக்குப் போயிட்டாரு. போனை எடுக்க மாட்டாரு. நான்தான் பாத்து முடிவு பண்ணணும்." அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "பிலோமி எங்க கோயில் பிள்ள. பிறந்தப்ப தலையில ஊத்தினோம். கல்யாணத்துக்கு முந்தி, அது கணக்கில்லன்னு மாப்பிள்ள வீட்டுக்காரங்க அவளையும் வாய்க்கால்ல முக்கிட்டாங்க. அது போகட்டும். இந்தப் பிள்ளைக்குத்தான் தெரிய மாட்டேங்குது. ஞானஸ்நானம் ஆன பிள்ளன்னா உள்ள வைப்போம். ஆகாததுன்னா சுவருக்கு வெளிய, கள்ளிக்கிட்ட. அது எங்க ஊர் வழக்கம்."

"அங்க நாய் தோண்டும்," என்றாள் பிலோமி.

அவள் பேசினது அதுதான் முதல்.



வெயில் ஏறிக்கொண்டே வந்தது. நிழல் ஆட்டோவை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்கு யார் ஊத்தினது?" என்று தவசியம்மா கேட்டாள்.

"நான்தாம்மா."

"சபைக்காரி இல்லையா நீ? பச்சப்பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே."

"சொல்லுவாங்க. அந்த நேரத்துல எனக்கு அவங்க ஞாபகம் வரல. இவங்க ஞாபகம்தான் வந்துச்சு." உபதேசியாரைக் காட்டினாள். "சின்னதுல மறைக்கல்வி வகுப்புல நீங்கதான சொல்லித் தந்தீங்க? சாகப்போற பிள்ளைக்கு யாரும் ஊத்தலாம்னு."

"சொன்னேன்," என்றார் உபதேசியார். "தண்ணியத்தான் ஊத்தணும்னும் சொன்னேன்."

"ஆமா. சொன்னீங்க."

"அதாம்மா சிக்கல்," என்று அவர் தவசியம்மாவின் பக்கம் திரும்பினார். "வார்த்தையெல்லாம் சரியாச் சொல்லியிருக்கா. பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேராலன்னு. மனசும் சரி. ஊத்தினதுதான் தண்ணி இல்ல."

"பின்னே?"

பிலோமிதான் சொன்னாள்.

"பால்."

அவளே தொடர்ந்தாள். "அந்தக் கண்ணாடிப் பெட்டி அறைக்குள்ள தண்ணி கொண்டுபோக விட மாட்டாங்கம்மா. கையைக் கழுவி, துடைச்சுட்டுத்தான் போகணும். என் பாலைப் பீச்சி பாலாடைச் சங்குல குடுத்து, ரெண்டு சொட்டு வாயில விடும்மான்னு நர்சம்மா சொன்னாங்க. நான் விட்டேன். உள்ள இறங்கல. கடைவாய் வழியா ஒழுகிருச்சு. உதடு நீலமாயிருச்சு. நர்சம்மா டாக்டரைக் கூப்பிட ஓடினாங்க. பாலாடையில மிச்சம் இருந்தது. என் கையில அது ஒண்ணுதான் இருந்தது."

அவள் பெட்டிமேல் இருந்த துணியைச் சரிசெய்தாள்.

"எடுத்து தலையில ஊத்தினேன்."

"பால் செல்லாதும்மா," என்றார் உபதேசியார் மெதுவாக. "எண்ணெய் செல்லாது, எச்சில் செல்லாது, பாலும் செல்லாது. நான் படிச்சது அப்படித்தான். இப்ப நான் தண்ணி ஊத்தலாம்னா, செத்த பிள்ளைக்குக் குடுக்கக் கூடாது."

எலியேசர் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் போட்டான்.

"எங்க தெரு பால்காரன் பாலா இருந்திருந்தா செல்லியிருக்கும் உபதேசியாரே. பாதி தண்ணிதான்."

சொல்லிவிட்டு அவனே முகத்தைப் பொத்திக்கொண்டான்.

தவசியம்மா எழுந்தாள். ஆட்டோவுக்குப் பக்கத்தில் போனாள். பிலோமியின் ரவிக்கை முன்பக்கம் நனைந்து, முந்தானையும் நனைந்திருந்தது. பெட்டியை அந்த ஈரம் படாமல் முழங்கால் பக்கம் தள்ளி வைத்திருந்தாள்.

"இன்னும் வருதா?"

"நிக்க மாட்டேங்குதும்மா. அதுக்கு எப்படித் தெரியும்?"

"மல்லிகைப்பூ வச்சுக் கட்டினா வத்திரும்னு சொல்லுவாங்களே."

"ஆஸ்பத்திரி வாசல்லயே வாங்கிக் கட்டினேன். பூவெல்லாம் ஊறிப்போச்சு."

தவசியம்மா உள்ளே போய் ஒரு பழைய சேலையை எடுத்து வந்தாள். நான்காக மடித்து அவளிடம் கொடுத்தாள். பிலோமி அதை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போதும் ஒரு கை பெட்டியை விடவில்லை.

உபதேசியார் பின்னாலேயே வந்து நின்றார்.

"கல் நெஞ்சு இல்லம்மா எனக்கு. அவளுக்கு நான் பாடம் சொல்லித் தந்தவன். தப்பா உள்ள வச்சுட்டா நாளைக்கு ஆண்டவர் முன்னாடி நான்தான நிக்கணும்? அதான் பயமா இருக்கு. செல்லும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. திறந்துருதேன்."

"நான் சொன்னா?"

"நீங்க சொன்னாப் போதும்."

தவசியம்மா மலைமேல் இருந்த சிலுவையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வேறு எதையோ கேட்டாள்.

"உபதேசியாரே, எனக்குன்னு அந்தத் தோட்டத்துல ஒரு இடம் விட்டு வச்சிருக்கீங்களாமே?"

"ஆமாம்மா. பெரிய சிலுவைக்குக் கீழ, சாமியார்மாரை அடக்கம் பண்ற வரிசையில. ஊரே கூடிச் சம்மதிச்சது."

"அதுல இந்தப் பிள்ளைய வைங்க."

"அப்போ நீங்க?"

"நான் கள்ளிக்கிட்ட படுத்துக்கிடுதேன்."

உபதேசியார் பதறிப்போனார்.

"என்னம்மா பேச்சு இது! ஞானஸ்நானம் வாங்கினவங்க நீங்க. உங்களைப் போய் வெளிய வைக்க முடியுமா?"

"வாங்கினேனா?"

"வாங்காம?"

"என்னை எங்க எடுத்தாங்கன்னு தெரியுமா?"

"கன்னியர் மடத்து வாசல்லன்னு சொல்லுவாங்க. துணியில சுத்திக் கிடந்தீங்கன்னு."

"பிழைக்காதுன்னு பயந்து, எடுத்த சிஸ்டரே அந்த வாசல்ல வச்சு ஊத்திட்டாங்களாம். அவங்க இப்போ இல்ல. வேற யாரும் பக்கத்துல நிக்கல. என்னத்த ஊத்தினாங்க?"

"தண்ணியத்தான் ஊத்தியிருப்பாங்க."

"பாத்தீங்களா?"



"இல்லம்மா."

"நானும் பாக்கல."

அவள் திரும்பிப் போய் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். அரிசியைக் கிளற ஆரம்பித்தாள்.

உபதேசியார் வெயிலிலேயே நின்றார். எலியேசர் அவர் முகத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தான். ஆட்டோக்காரர், "ஐயா, எந்தப் பக்கம் போகணும்? உள்ளயா வெளியவா?" என்று கேட்டார். உபதேசியார் இடுப்பில் செருகியிருந்த தோட்டத்துச் சாவியைக் கையில் எடுத்தார்.

மெதுவாக, பிலோமி உட்கார்ந்திருந்த பக்கம் வந்தார். செருப்பைக் கழற்றினார். சுடுகிற மண்ணில் மண்டிபோட்டார். பெட்டி அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

காலையிலிருந்து அவர் எவ்வளவோ கேட்டிருந்தார். எந்த நேரம், என்ன வார்த்தை, பக்கத்தில் யார் சாட்சி, ஊற்றினது என்ன. இதைக் கேட்கவில்லை.

"பிலோமி. பிள்ளைக்கு என்ன பேர் சொல்லி ஊத்தின?"

அவள் அவரிடம் சொல்லவில்லை. துணியை விலக்கி, பெட்டிக்குள் குனிந்து, எழுப்புகிற மாதிரி கூப்பிட்டாள்.

"அமலி."