மாதரசி வீசாத கயிறு

ஒரு தீவில் சிப்பித்துறை என்றொரு சின்னத் துறைமுகம் இருந்தது. நூறு ஆண்டுகள் அதை ஆண்ட வெளிநாட்டுக் கப்பல்கள் ஒருநாள் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டன. போகும்போது, எதிர்க்கரையில் இருந்த பெரிய துறைமுகத்திடம் சிப்பித்துறையை ஒப்படைத்தன. அப்போது பேசி முடித்ததை ஒரு கல்லில் வெட்டி அலைதடுப்புச் சுவரில் பதித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குச் சிப்பித்துறை தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும். காலம் கனியும்போது எல்லாப் படகுகளும் சேர்ந்து தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

காலம் கனியவே இல்லை. பன்னிரண்டு பெரிய கப்பல்கள் மட்டுமே தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தன. போட்டியிடுகிறவருக்கு ஆளுக்கொரு தூண் உண்டு. யாரைப் பிடிக்கிறதோ அவருடைய தூணில் கயிற்றை வீசிக் கட்ட வேண்டும். கப்பல்கள் கயிறு வீசும். முந்நூறு சிறு படகுகள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்படித் தலைவரானவர்தான் நெடுங்கை என்ற பாரந்தூக்கி.

மாதரசி சிப்பி ஏற்றிப் பிழைக்கிற ஒரு வள்ளம். அவளும் பூவிழி என்ற வள்ளமும் ஒரே மரத்தில் அறுத்த பலகைகளால் ஆனவர்கள். அதனால் அக்காள் தங்கை.

ஓர் ஆண்டு ஐப்பசியில் பெரும் புயல் அடித்தது. உள்துறையில் இன்னும் நூறு படகுகள் நிற்க இடம் இருந்தது. ஆனால் நெடுங்கை அதன் வாயின் குறுக்கே சங்கிலியை இறக்கி அடைத்துவிட்டார்.

"உள்ளே இடம் கிடக்குதே, ஐயா!" என்று பூவிழி கத்தினாள்.

"அது கப்பல்களுக்கு ஒதுக்கிய இடம். விதி அப்படி" என்றார் நெடுங்கை.

புயல் ஓய்ந்தபோது ஒன்பது படகுகள் இல்லை. பச்சை வண்ணம் பூசிய ஒரு பலகை மிதந்து வந்து மாதரசியின் விலாவில் முட்டியது. பூவிழிக்குப் பச்சை வண்ணம் பூசிய நாளில் பக்கத்தில் நின்றவள் அவள். பலகையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

மூன்று நாள் அவள் அந்தப் பலகையை விட்டு நகரவில்லை. நாலாம் நாள் கீச்சான் வந்தான். மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம் அவன். சும்மா இருக்கத் தெரியாதவன்.

"அக்கா, சங்கிலியப் போட்டது யாரு?"

"நெடுங்கை."

"அவர அங்க உக்கார வச்சது யாரு?"

"பன்னிரண்டு கப்பல்."

"நம்மள ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

மாதரசி உள்துறையின் பக்கம் திரும்பினாள். பிறகு, "வா, போய்க் கேப்போம்" என்றாள்.

அவர்கள் இரண்டு பேராக நெடுங்கையிடம் போனார்கள். மறுநாள் இருபது பேர். அந்த மாதம் முடிவதற்குள் இருநூறு பேர். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: கல்லில் எழுதியபடி எங்களுக்கும் கயிறு வீசும் உரிமை வேண்டும்.

பெரிய துறைமுகத்தின் பதிலை ஓர் இழுவைப் படகு கொண்டுவந்தது.

"மகிழ்ச்சியான செய்தி! அடுத்த தேர்தலில் நீங்கள் எல்லோரும் கயிறு வீசலாம். தூண்களை மட்டும் நாங்கள் நட்டுத் தருவோம். மூன்று தூண். மூன்றும் நல்ல தூண்."

"மூணும் உங்க தூணா?" என்றாள் மாதரசி.

"எங்களுக்கு வேண்டாதவர்களுக்கு நாங்கள் எப்படியம்மா தூண் நடுவது?"

கீச்சான் சுவரில் இருந்த கல்லைப் பார்த்துச் சத்தம் போட்டான். "பெரியவரே, நீங்க சொல்லுங்க. உங்க மேல என்ன எழுதியிருக்கு?"

"எழுதியது எழுதியபடியே இருக்கிறது. ஓர் எழுத்தும் தேயவில்லை" என்றது கல்.

இழுவைப் படகு சிரித்தது. "அது பழைய கல், தம்பி. ஞாபகத்துக்காக விட்டுவைத்திருக்கிறோம்."

அன்று மாலை ராஜகம்பீரம் மாதரசியைத் தேடி வந்தார். பன்னிரண்டு கப்பல்களில் ஒருவர் அவர். புயலன்று சங்கிலியை ஏற்றச் சொல்லி நெடுங்கையிடம் இரண்டு முறை கேட்டவர். மூன்றாம் முறை கேட்காதவர்.

"கொடுப்பதை இப்போது வாங்கிக்கொள், மாதரசி. மீதியை அப்புறம் கேட்கலாம். ஒன்றும் இல்லாததற்கு இது மேல் இல்லையா?"

"நீங்க நல்லவரு, ஐயா. ஆனா நான் கேட்டது எனக்காகச் சங்கிலிய ஏத்துற ஒருத்தர. அவங்க தர்றது சங்கிலி போடுறவங்க மூணு பேரு. இதுல நல்லவரா பாத்து எடுத்துக்கன்னா எப்படி எடுப்பேன்?"

"எதிர்த்தால் இருப்பதும் போய்விடும்."

"இருக்கலாம். ஆனா அந்தச் சங்கிலிய எங்க கையால நாங்களே கட்டுனோம்னு ஆயிடக் கூடாது."

அவர் சொன்னது தவறென்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் பல நாள் அந்தப் பேச்சு அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் சிறு படகுகள் ஒன்றோடொன்று கயிறு கட்டிக்கொண்டு துறைமுகத்தின் வாயை அடைத்து நின்றன. அறுபத்தொரு நாள் நின்றன. முதல் வாரத்தில் பாட்டு இருந்தது. மூன்றாம் வாரத்தில் அடிமரத்தில் பாசி பிடித்தது, பிழைப்பு போயிற்று. ஐஸ் ஏற்றுகிற படகுகள், "எங்க வேலை கெடுது, வழி விடுங்க" என்று சண்டைக்கு வந்தன. வரிசையில் நின்ற படகுகளிலேயே, சங்கிலியை முட்டி உடைப்போம் என்றன சில. போதும், வீட்டுக்குப் போவோம் என்றன சில. ஒவ்வொரு விடியலிலும் வரிசையில் புதிதாக ஓர் இடைவெளி தெரிந்தது. மாதரசி பக்கத்துப் படகை இன்னும் கொஞ்சம் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அறுபத்தொன்றாம் நாள் நண்பகலில் நாற்பது இழுவைப் படகுகள் வந்தன. வரிசையைக் கலைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கீச்சானைத்தான் முதலில் பிடித்தார்கள். கட்டுமரத்தை உடைக்க வேண்டியதில்லை. கட்டுகளை அவிழ்த்தால் போதும். அவிழ்த்தார்கள். "அக்கா, பிடிச்சிக்க..." என்று அவன் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அவன் மூன்று மரங்களாகி, மூன்று திசையில் போய்க்கொண்டிருந்தான். மாதரசி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எந்த மரத்தைப் பார்த்துக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். அந்த வாரமே சுவரில் இருந்த கல்லின் மேல் சிமெண்டு பூசினார்கள். பூசும்போது கல் எதுவும் பேசவில்லை.

மூன்று கோடை அவள் வெயிலில் கிடந்தாள். பலகைகள் சுருங்கின. இடுக்குகளில் திணித்திருந்த பஞ்சு காய்ந்து உதிர்ந்தது. ஆண்டுக்கொரு முறை நெடுங்கை தலையைத் தாழ்த்திக் கேட்பார்:

"செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல். உடனே தண்ணீரில் இறக்கிவிடுகிறேன்."

"பூவிழி வெளியில நின்னது தப்பா, ஐயா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். அவர் நிமிர்ந்துகொள்வார்.

நான்காம் ஆண்டு தேர்தல் வந்தது. இம்முறை எல்லாப் படகுகளுக்கும் வாக்கு உண்டு. ஒருவர் விடாமல் கயிறு வீச வேண்டும் என்று அறிவித்தார்கள். கரையில் கிடந்தவர்களையும் இழுவைப் படகுகள் தண்ணீருக்குக் கொண்டுவந்தன. மாதரசியையும் இறக்கினார்கள். இறக்கிய உடனே காய்ந்த இடுக்குகள் வழியே தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது.

வரிசை நீளமாக இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவளுடைய முறை வந்தபோது தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

எதிரே நெடுங்கையின் தூண் நின்றது. அதில் ஏற்கெனவே இருநூறு கயிறுகளுக்கு மேல் கட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் நின்ற ராஜகம்பீரத்தின் கயிறும் அதில்தான் இருந்தது.

"மத்த தூணெல்லாம் எங்க, ஐயா?" என்று கேட்டாள் மாதரசி.

"இந்தத் தடவை ஒன்றுதான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாதரசி, கயிற்றை வீசு. தூண் உன்னைத் தாங்கிக்கொள்ளும். கட்டிவிட்டால் நீ முழுக மாட்டாய். கயிறு இறுகிப் பிடித்துக்கொள்ளும். உன் காலில் விழுந்து கேட்கிறேன், வீசு."

அவர் குரல் உடைந்திருந்தது. அவள் அதைக் கேட்டாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

கயிறு அவள் முன்முனையில் சுருட்டி வைத்தபடி இருந்தது. அவள் அதை எடுத்தாள். தூணைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. உள்ளே தண்ணீர் ஏறுகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. பிறகு கயிற்றை மறுபடி சுருட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"சீக்கிரம்! பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்றது இழுவைப் படகு.

அவள் மெதுவாகத் தண்ணீருக்குள் முழுகினாள். அலைகூட எழவில்லை. அவள் இருந்த இடத்துக்கு வரிசையில் அடுத்த படகு நகர்ந்து வந்தது. அது கொஞ்சம் தயங்கி, பிறகு கயிற்றை வீசியது.

மாலையில் நெடுங்கை முடிவை வாசித்தார். சிப்பித்துறையில் இருக்கும் படகுகள் அனைத்தும் வாக்களித்தன, ஒருவர்கூட விடுபடவில்லை என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. வாக்களிக்காத யாரும் அப்போது மிதந்துகொண்டிருக்கவில்லை.