திறந்திருந்த சட்னி

கீழப்பேட்டை பேருந்து நிலையத்தில் இசக்கியம்மாள் இட்லிக் கடை வைத்திருந்தாள். ஊரில் டெங்கு பரவிய சமயம். சுகாதார அதிகாரி சிதம்பரநாதன் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியோடு வந்து கொசுமருந்துப் புகை அடிப்பார். இட்லியும் பிள்ளைகளும் புகையில் மூழ்கும்.

ஒருநாள் புகை அடித்து முடிந்ததும் அவள் கேட்டாள்: “ஐயா, வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா, சாப்பாட்டை மூடி வச்சிக்கிடுவோம். பிள்ளைகளையும் உள்ள கூட்டிக்கிடுவோம்.”

“இது கொசுவுக்குத்தான் விஷம், மனுசனுக்குப் பன்னீர்! தீங்குன்னா இப்பவே நிரூபி. இல்லைன்னா கடையைக் காலி பண்ணு” என்று ஊர் பார்க்க அதட்டினார் அதிகாரி.

“கோபப்படாதீங்க ஐயா, முதல்ல பசியாறுங்க.” இலை போட்டு, இட்லி வைத்து, சட்னி ஊற்றினாள். அவர் கையை நீட்டியதும் மெல்லச் சொன்னாள்: “நீங்க புகை அடிக்கையில திறந்து கிடந்த சட்னி.”

அதிகாரி இலையைத் தள்ளினார். “இதைத் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இசக்கியம்மாள் சட்டியிலிருந்த சட்னியை வழித்து நக்கினாள். “பயப்படாதீங்க, இது இப்ப அரைச்சது. நிரூபிக்கச் சொன்னீங்க, நீங்களே நிரூபிச்சிட்டீங்க.”

அடுத்த முறை கொசுமருந்து வண்டிக்கு முன்னால் ஒலிபெருக்கி வந்தது. கொசுவைத் தவிர ஊரில் எல்லாருக்கும் சேதி தெரிந்திருந்தது.