நெட்டி எடுக்காத டாக்டரம்மா

மாதேஸ்வரனுக்குத் தன் குருவை விடப் பதினோரு வயது அதிகம். இருபத்திரண்டு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு, ஐம்பதாவது வயதில் டாக்டர் கோகிலவாணியிடம் கைரோபிராக்டிக் கற்க வந்து சேர்ந்தார். முதுகெலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்கிற வைத்தியம் அது. அந்த வயதில் தன்னையும் ஒரு மாணவனாக மதித்துச் சேர்த்துக்கொண்டதற்கே தினமும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார்.

அவருக்கு ஒரே ஒரு குறை, ஊர்ப்பேச்சு.

சங்ககிரி லாரிப்பேட்டையில் பாதிப் பேர் அவர்களை எலும்பு முறிக்கிறவர்கள் என்றார்கள். மீதிப் பேர், "சலூன்ல சேவிங் முடிஞ்சதும் சும்மாவே கழுத்தத் திருகி நெட்டி எடுத்துவிடறான். அதுக்கெதுக்குப் படிச்ச டாக்டரு?" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"சனங்க எப்பத்தானுங்க மேடம் நம்மள நம்புவாங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார்.

கோகிலவாணி வாய் திறப்பதற்குள் கிளினிக்குக்குள் ஓர் ஆள் வந்துவிட்டார். டிரைவர் நஞ்சப்பன். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினார்.

"நாளைக்கு சூரத்துக்கு லோடுங்க. கழுத்துக்கு நல்லா ஒரு நெட்டி எடுத்துவிடுங்க. சத்தம் கேக்கோணும். செல்லுல பாத்தனே, அந்த மாதிரி. எனக்குச் சரியாச்சுன்னா லாரி ஸ்டாண்டே இங்க வந்து நிக்கும்."

மாதேஸ்வரனுக்கு வாயெல்லாம் பல். கையைக் கழுவிக்கொண்டு நஞ்சப்பனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

கோகிலவாணி எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மொதல்ல உங்களப் பத்திச் சொல்லுங்கண்ணா."

நஞ்சப்பன் சொன்னார். வண்டியைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, மகள் கல்யாணத்தைப் பற்றி. அரை மணி நேரம் ஓடியது. கோகிலவாணி ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"சட்டைப் பட்டன் போட வருதுங்களா?"

"ரெண்டு மாசமா வூட்டுக்காரிதான் போட்டுவிடறா. வெரலு மரத்துப்போச்சுங்க."

"நடக்கறப்ப செருப்பு?"

"கழண்டு கழண்டு போகுது. வேற வாங்கோணும்."

நடக்கச் சொல்லிப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். கால் அளவுக்கு மீறி வெடுக்கென்று உதறியது.

"உங்க கழுத்துல நான் கை வைக்கமாட்டேனுங்கண்ணா. உள்ள தண்டுவடம் நசுங்கற மாதிரி தெரியுது. இன்னைக்கே சேலம் போய் ஸ்கேன் எடுக்கோணும். வண்டி ஓட்டக்கூடாது."

"ஏனுங்க, தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லிப்போடுங்க. எதுக்குப் பயமுறுத்தறீங்க?"

கோகிலவாணி கோபப்படவில்லை. சேலத்து மருத்துவருக்குத் தானே போன் போட்டார். பிறகு நஞ்சப்பனின் மனைவிக்குப் போன் போட்டு வரவழைத்து, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கி, லாரிச் சாவியை அந்த அம்மாளிடம் கொடுக்கச் சொன்னார். நஞ்சப்பன் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பொழுது சாய்வதற்குள் பேட்டை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நெட்டி எடுக்கக்கூடத் தெரியாத டாக்டரம்மாவாம். அடுத்த மூன்று வாரம் கிளினிக்கில் ஈ ஓட்டவேண்டியதாயிற்று. மாதேஸ்வரன் காலி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தானே அந்த நெட்டியை எடுத்துவிட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தார்.

நாலாவது வாரம் நஞ்சப்பன் வந்தார். கழுத்தில் பட்டை. கூடவே மனைவி.

"ஆபரேசன் ஆயிருச்சுங்க."

மீதியை அவர் மனைவிதான் சொன்னார். "யாராச்சும் புடிச்சுத் திருகியிருந்தா, கழுத்துக்குக் கீழ எதுவுமே வேலை செஞ்சிருக்காதுன்னு பெரிய டாக்டரு சொன்னாருங்க. கட்டில்லயே கெடந்திருப்பாருங்க."

கோகிலவாணி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். நஞ்சப்பன் மாதேஸ்வரனிடம் வந்தார்.

"நீங்களும் நல்லா இருக்கோணுங்க. அன்னைக்கு உங்களையுந்தான் திட்டிப்போட்டேன்."

அவர்கள் போன பிறகு மாதேஸ்வரன் வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நீங்க இல்லீன்னா நான் அவரக் கொன்னிருப்பேன்."

"நான் இருந்தேனே. விடுங்கண்ணா."

"உங்ககிட்ட வந்து சேந்தது நான் செஞ்ச புண்ணியமுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கட்டுங்களா? மூணு வாரமா ஊரே வாய்க்கு வந்தபடி பேசுச்சு. சனங்க நம்மளப் பத்தி என்ன நெனைக்கறாங்கன்னு உங்களுக்குக் கவலையே இல்லீங்களா?"

"இல்லாம இருக்குமா?" என்றார் கோகிலவாணி. "அன்னைக்கு அந்தக் கவலை சொன்னதக் கேட்டிருந்தேன்னா, அவரு கழுத்தப் புடிச்சிருப்பேன்."