நடுக்கடலில் நின்ற படகு

படகின் விளிம்பில் துடுப்பு உரசும் சத்தம்தான் அந்நாளில் பர்மா, தாய்லாந்துக் கடலோரத் தீவுகளில் விடியலுக்கு முன்னே கேட்கும். படகிலேயே வாழ்ந்த மோக்கன் மக்களின் சத்தம் அது. தங்கள் மொழியில் பிள்ளைகளுக்கு ஒரு பாடநூல் வேண்டுமென்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அதுபற்றி விசாரிக்க அரசு அனுப்பிய பண்டிதர் பிரசித்தைத் தன் படகில் கரைக்குத் திருப்பி அழைத்துப் போனவள் சபாய் என்ற மோக்கன் பெண்.

“உங்க மொழியில மலாய்ச் சொல்லு, தாய்லாந்துச் சொல்லு, பர்மாச் சொல்லு. சொந்தமா என்ன இருக்கு? பாடநூல் கிடையாதுன்னு எழுதப் போறேன்” என்றார் பண்டிதர் நடுக்கடலில்.

சபாய் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏம்மா நிறுத்திட்டே?”

“ஆணி பர்மாக்காரர் கொடுத்தது, கயிறு மலாய்க்காரர் கொடுத்தது, கூரைத்துணி சீனர் கடையில வாங்கினது. அப்போ இது என் படகு இல்லையே ஐயா? சொந்தக்காரங்க வந்து ஓட்டட்டும்.”

அலை படகைப் பாறைப் பக்கம் தள்ளியது. பண்டிதர் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எவன் எதைக் கொடுத்தா என்ன? காலமெல்லாம் ஓட்டுறவ நீதானே! படகு உன்னுதுதான், ஓட்டு தாயே!”

“அதையே எங்க பேச்சுக்கும் எழுதிடுங்க.”

‘மலாய்க்குத் தூரத்து உறவு, ஆனாலும் தனி மொழி’ என்று தன் அறிக்கையில் எழுதினார். அதன் பிறகே துடுப்பு நீரில் இறங்கியது.

பாடநூல் வந்தது. சபாயின் மகள் அதில் படித்தாள். சபாய் கடைசிவரை எழுத்துக் கற்கவில்லை.