ஓநாய்க்கு முதல் பொட்டு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு நாட்டைச் செங்கோடன் என்ற மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். குடிகளை வதைக்க மாட்டார், பக்கத்து நாட்டோடு வம்புக்குப் போக மாட்டார். அவருக்கு இருந்த ஒரே பித்து ஓநாய்க் கதை. மதியம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஊஞ்சலில் சாய்ந்தாரானால் யாராவது ஓர் ஓநாய்க் கதை சொல்லியாக வேண்டும். கதை இல்லாவிட்டால் தூக்கம் வராது. தூக்கம் வராத ராஜாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அதற்காகவே சபையில் குத்தாலம் என்று ஒரு விகடன் இருந்தான். ஓநாய் பெண் பார்க்கப் போன கதை, ஓநாய்க்குப் பல்வலி வந்து ஆட்டிடமே வைத்தியம் கேட்ட கதை, ஓநாய் விரதம் இருந்த கதை என்று அவன் வாயில் ஓநாய்கள் மந்தை மந்தையாகக் குடியிருந்தன. ராஜா கேட்பார், சிரிப்பார், சிரித்தபடியே தூங்கிப்போவார்.

இது மங்கபதி ராயருக்குப் பொறுக்கவில்லை. ராயர் அரண்மனையின் பெரிய அதிகாரி. குத்தாலம் வருவதற்கு முன்னால் மதிய நேரத்தில் ராஜாவின் ஊஞ்சலருகே உட்கார்ந்தவர் அவர்தான். அவர் சொன்னதெல்லாம் ராஜாவின் புகழ். அதைக் கேட்டும் ராஜா தூங்கத்தான் செய்தார், ஆனால் சிரித்ததில்லை. அந்த இடம் பறிபோன நாளிலிருந்து ராயருக்குச் சோறு இறங்கவில்லை.

வசந்த விழா நெருங்கியது. அந்த நாட்டில் விழாவன்று வேஷக்காரர்கள் சபையில் வந்து ஆடுவது வழக்கம். ராஜாவுக்கு ஓர் ஆசை முளைத்தது.

"குத்தாலம்! இத்தனை காலம் ஓநாயைக் காதால் கேட்டோம். இந்த விழாவில் கண்ணால் காண வேண்டும். நீ ஓநாய் வேஷத்தில் வா."

"உத்தரவு, மகாராஜா" என்றான் குத்தாலம்.

ராயர் எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "மகாராஜா, வேஷம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நாம் சொல்வது முகதாட்சண்யம். முகதாட்சண்யம் பார்க்காத நீதிபதிகள் நம் வேட்டை நாய்கள். அவை சொல்லட்டுமே. சங்கிலியையும் கழற்றிவிட்டால்தான் அவை மனம்விட்டுச் சொல்லும்."

ராஜாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "பேஷ்! குத்தாலம், கேள். உன் கையால் எழுதிய ஓநாய் முகத்தைக் கண்டு நம் நாய்கள் குரைக்க வேண்டும். குரைத்தால் நீ கேட்டதைத் தருவோம். வாலாட்டினால், மறுநாள் காலை நீ நாட்டு எல்லைக்கு அப்பால் இருக்க வேண்டும்."

குத்தாலம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். வேஷம் சரியாக அமைந்தால் நாய் கடித்துக் குதறும். அமையாவிட்டால் நாடு கடத்தப்படுவான். ஆனாலும் விகடனாயிற்றே, சபையில் முகத்தைத் தொங்கப் போட முடியுமா? "மகாராஜா, உத்தரவை இன்னொரு தரம் சொல்லுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன்" என்றான். ராஜா ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொன்னார். எழுத்தர் ஓலையில் எழுதிக்கொண்டார்.

அதோடு விடவில்லை ராயர். "வேஷத்துக்கான வண்ணப் பெட்டி என் உபயம்" என்று சபையறிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறந்தது முதல் ஒருவருக்கும் ஒரு வெற்றிலைக் காம்பைக்கூடக் கொடுத்தறியாதவர் ராயர். சபையே வாயைப் பிளந்தது.

குத்தாலத்தின் மனைவி செண்பகவல்லி வேஷக்காரர் வீட்டுப் பெண். அவள் அப்பன் முகத்தில் அரிதாரம் பூசினால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்பார்கள். அந்தக் கைவாகு அப்படியே மகளுக்கு வந்திருந்தது. புருஷன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, இப்படி நாறுது! வண்ணம்னா தேங்காயெண்ணெய் வாசம் இல்ல அடிக்கணும்?"

வாசலில் படுத்திருந்த தெருநாய் சடாரென்று எழுந்தது. முதுகு மயிர் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. தினமும் இவர்கள் வீட்டில் சோறு தின்கிற நாய்!

"ஓநாய்க் கொழுப்பு" என்றான் குத்தாலம். பெட்டியைச் சடக்கென்று மூடினான். "வேடர்கள்கிட்ட வாங்கிக் குழைச்சிருக்கான். அரண்மனை நாயெல்லாம் நான் எலும்பு போட்டு வளர்த்ததுங்க, என்னைக் கண்டா வாலாட்டும்னு அவனுக்குத் தெரியும். வாலாட்டினா நாடு கடத்துவாங்க. ஆனா நம்ம ராஜா கோபம் ஒரு கதை வரைக்கும்தானே தாங்கும்? நாலு நாள்ல கூப்பிட்டுக்குவார். அதான் ஒரேயடியா முடிக்கப் பார்க்கிறான்."

செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "எலும்பு போட்ட கையையே கடிக்க வைக்கப் பார்க்கிறானே, பாவி! இதை நீங்க தொடக் கூடாது. நான் வேற வண்ணம் குழைக்கிறேன். வாலாட்டினா ஆட்டட்டும், ரெண்டு பேருமா எல்லை தாண்டிப் போயிடுவோம்." முந்தானையால் கண்ணைத் துடைத்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏங்க... பெட்டியை ராயரு தன் கையாலேயே, சபையிலேயே கொடுத்தாரா?"

"ஆமா."

"அப்ப முதல் பொட்டு யாருக்கு?"

குத்தாலம் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். வாசலில் நாய் உறுமிக்கொண்டிருக்க, உள்ளே இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த நாட்டு வேஷக்காரர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. முகத்தில் எல்லாம் எழுதிவிட்டுக் கண்ணை மட்டும் எழுதாமல் சபைக்கு வருவார்கள். வண்ணம் உபயம் செய்தவர் நெற்றியில், அவர் கொடுத்த வண்ணத்தாலேயே, வேஷக்காரன் தன் கையால் முதல் பொட்டு வைப்பான். பிறகுதான் கண் எழுதுவார்கள். போன வருஷம் ராஜாவே வண்ணம் கொடுத்து, பொட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்துப் பழகாத ராயருக்கு மட்டும் இது நினைவில் இல்லை. நினைவிருக்க அவருக்கு அவசியம் நேர்ந்ததே இல்லை.

விழா நாள் வந்தது. செண்பகவல்லி விடியலிலேயே வேலையைத் தொடங்கினாள். தேங்காயெண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்து மூக்கிலிருந்து நெற்றி வரை இழுத்தாள். அரிதாரத்தையும் செங்காவியையும் கலந்து கன்னத்தில் மயிர் மயிராகக் கீறினாள். தாடையில் வெள்ளை. சணலைச் சாம்பலில் புரட்டிப் பிடரியாகக் கட்டினாள். பனையோலையில் இரண்டு காது. தேங்காய்ச் சில்லைச் செதுக்கி இரண்டு கோரைப்பல்.

"பல்லை மென்னுடாதீங்க" என்று எச்சரித்தாள். அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

குத்தாலம் சபைக்குள் நுழைந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். ராஜாவே ஊஞ்சலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். கண் மட்டும் இன்னும் எழுதவில்லை. பக்கத்தில் செண்பகவல்லி மைக்குச்சியோடு நின்றாள்.

"மகாராஜா, கண் எழுதும் முன் முதல் பொட்டு. உபயக்காரர் முன்னே வர வேண்டும்" என்றான் குத்தாலம், பெட்டியைத் திறந்து.

ராயர் முகம் வெளிறியது. "எனக்கா? வேண்டாம், வேண்டாம். வண்ணம் பட்டால் எனக்கு அரிக்கும்."

"அரித்தால் சொறிந்துகொள்ளும்" என்றார் ராஜா. "போன வருஷம் நாமே வாங்கிக்கொண்டோம். எம்மைவிட உமக்கு நெற்றி உசத்தியா?"

வேறு வழியில்லை. ராயர் வந்து நின்றார். அவருடைய நெற்றி விசாலமானது, வழுக்கையோடு சேர்ந்து பின்னங்கழுத்து வரை ஒரே வெளி. குத்தாலம் விரலை நன்றாகத் தோய்த்தெடுத்து, சாவகாசமாக, இரண்டு காது, இரண்டு கண், ஒரு நீள மூக்கு, நாலு பல் என்று ஒரு குட்டி ஓநாய் முகத்தையே பொட்டாக எழுதினான். சபை கைதட்டியது. ராயருக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு செண்பகவல்லி பெட்டியை இறுக மூடி, புருஷன் விரலைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு, அவனுக்குக் கண் எழுதி முடித்தாள்.

"நாய்களை அவிழ்த்துவிடுங்கள்!" என்றார் ராஜா.

ஆறு நாய்கள் பாய்ந்து வந்தன. குத்தாலம் பயத்தில் ஒரு கோரைப்பல்லை மென்று விழுங்கிவிட்டான். நாய்கள் அவனை மோந்து பார்த்தன, வாலை ஆட்டின, ஒன்று அவன் காலையும் நக்கியது. ராயர் மெல்ல வாசற்பக்கம் நகர்ந்தார். அவர் நகர்ந்ததும் காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது.

அவ்வளவுதான். ஆறு தலையும் ஒன்றாகத் திரும்பின. அவை குரைத்த குரைப்பில் மண்டபமே அதிர்ந்தது. ராயர் வேஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அறுபது வயதில் அவர் தூணில் ஏறிய வேகத்தை அணில்கள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

"இறக்கிவிடுங்கள்! கொழுப்பு... ஓநாய்க் கொழுப்பு! நான்தான் கலக்கச் சொன்னேன்! தெரியாமல் செய்துவிட்டேன்!"

குத்தாலம் நாவை மடக்கி ஒரு சீழ்க்கை அடித்தான். எலும்பு போடும்போது அடிக்கிற அதே சீழ்க்கை. நாய்கள் குரைப்பை நிறுத்திவிட்டு அவனருகே வந்து உட்கார்ந்தன.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. ராயரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குத்தாலத்திடம் திரும்பினார். "அவர் குற்றத்தைப் பிறகு விசாரிப்போம். நம் வாக்கு என்ன ஆவது? நாய்கள் உன்னிடம் வாலாட்டினவே."

"மகாராஜா, ஓலையைப் படிக்கச் சொல்லுங்கள்."

எழுத்தர் படித்தார்: "உன் கையால் எழுதிய ஓநாய் முகத்தைக் கண்டு நம் நாய்கள் குரைக்க வேண்டும்."

"என் முகத்தை எழுதியது என் மனைவி. கடைசியில் கண் எழுதியதைச் சபையே பார்த்தது. நான் என் கையால் எழுதிய ஓநாய் முகம், அதோ, தூணின் உச்சியில் இருக்கிறது. குரைத்தது போதுமா, இன்னும் கொஞ்சம் குரைக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்!" என்று தூண் அலறியது.

ராஜா சிரித்தார். ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "அடேய், எமக்கு இத்தனை காலம் தெரியாததை நாய்கள் ஒரு நொடியில் சொல்லிவிட்டனவே! ஓநாய் முகத்துக்குள் இருந்த மனுஷனுக்கு வாலாட்டின. மனுஷ முகத்துக்குள் இருந்த ஓநாயைப் பார்த்துக் குரைத்தன. கேள் குத்தாலம், என்ன வேண்டும்?"

"எழுதிய கை அவளுடையது. அவளையே கேளுங்கள், மகாராஜா."

செண்பகவல்லி யோசிக்கவே இல்லை. ஆளுயரக் கண்ணாடி ஒன்றும், இனிமேல் விழாவுக்கான வண்ணங்களைத் தானே குழைத்துத் தரும் உரிமையும் கேட்டாள். இரண்டையும் ராஜா அங்கேயே கொடுத்தார். குத்தாலத்துக்குத் தம் தோளில் இருந்த பட்டைப் போர்த்தினார். பிடரிச் சணலோடு பட்டு ஒட்டிக்கொண்டு, அப்புறம் கழற்றவே முடியவில்லை.

ராயருக்கு என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? ஒரு மாதம் மதியக் கதையை அவரே சொல்ல வேண்டும், கேட்பதற்கு ஆறு நாய்களும் கூட இருக்கும் என்று உத்தரவாயிற்று. நெற்றியைச் சீயக்காய் போட்டு ஏழு தரம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்தார். குத்தாலம் ஒரு மூலையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கோரைப்பல்லை வெல்லத்தோடு சுவைத்துக்கொண்டிருந்தான். ராஜா ஊஞ்சலில் சாய்ந்து, "ம், ஆரம்பியும்" என்றார்.

ராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு காட்டில் ஓர் ஓநாய்..."

படுத்திருந்த ஆறு நாய்களும் தலையைத் தூக்கின.

"...இல்லை" என்று முடித்தார் ராயர்.