கால் இல்லாத புழு

சபாரத்தினம் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவான நித்யகல்யாணி அம்மையார் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். மடத்து அவரைக்காய்ப் பந்தல் சபாரத்தினத்தின் பொறுப்பு. பக்கத்து நோயாளர் இல்லத்தில் முப்பது பேருக்கு மதியக் குழம்பு அந்தப் பந்தலிலிருந்துதான்.

தை பிறந்ததும் கொழுந்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியது. மை கொட்டியதுபோல ஒரே கறுப்பு. சாறு போன இலைகள் சுருண்டன. சபாரத்தினத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை, கத்தரிக்கோலும் கையுமாகக் குருவிடம் ஓடிவந்தார்.

"அம்மா, அசுவினி போதாதுன்னு இப்ப புழுவும் விழுந்துடுச்சு. கண்ணுல பட்டதையெல்லாம் நசுக்கிட்டேன். பந்தல் தாங்காது போலிருக்கு."

"அந்தப் புழுவுக்கு எத்தனை கால்?"

"கால் எண்ணுற நேரமாம்மா இது?"

குரு பந்தலுக்கு நடந்தார். ஒரு கொழுந்தைச் சாய்த்துப் பிடித்தார். பச்சையாய், நெல்மணி நீளத்தில் ஒரு புழு தப்பியிருந்தது.

சபாரத்தினம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். இலை தின்னும் புழுக்களுக்கு இருப்பதுபோல் கால் இல்லை. தலை என்று தனியாக எதுவும் இல்லை. புழு தன் கூர்முனையை இடமும் வலமும் ஆட்டித் தடவிக்கொண்டு வந்தது. இலையைக் கடிக்கவில்லை. முனையில் ஓர் அசுவினி தட்டுப்பட்டது. அதைக் கவ்வி அந்தரத்தில் தூக்கியது. சற்று நேரத்தில் வெறும் தோல் கீழே விழுந்தது. புழு அடுத்ததைத் தேடியது.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். பச்சைக் கறை இன்னும் காயவில்லை.

"இருபதுக்கு மேல கொன்னிருப்பேன்மா. இனிமே அசுவினியைத் தின்ன யாரு வருவா?"

அப்போது மஞ்சள் வரி போட்ட பூச்சி ஒன்று முகத்துக்கு நேரே வந்து, காற்றில் அசையாமல் நின்றது.

"குளவி!" என்று துண்டை ஓங்கினார். குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டாது. அது ஈ. நீங்க நசுக்கின புழுவெல்லாம் இதோட பிள்ளைங்கதான்."

அசுவினி அடர்ந்திருந்த கொழுந்தை வால் நுனியால் தொட்டுவிட்டு ஈ பறந்துபோனது. தொட்ட இடத்தில் ரவை போல ஒரு வெள்ளை முட்டை.

"அந்தக் கொழுந்தைத்தான் வெட்ட இருந்தேன்," என்றார் சபாரத்தினம். உடனே பயம் திரும்பியது. "அசுவினியோடயா விட்டுவைக்கிறது? பந்தலே பட்டுப்போயிட்டா?"

"வெட்டிட்டா, பிறக்கப்போறது எதைச் சாப்பிடும்?" என்றார் குரு.